யாருக்குரிய கடன்? குழந்தையை உடன்வைத்து வளர்ப்பவரின் பொருட்கடமை: ஓர் அறவியல் நோக்கு

மணமுறிவுக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றிப் பொதுவான எண்ணம் ஒன்றுண்டு. குழந்தை யாரிடம் வளர்கிறதோ அவர் பணம் பெறுபவர். குழந்தையைப் பிரிந்து வாழ்பவர் பணம் கொடுப்பவர். முன்னவர் உழைப்பையும் நேரத்தையும் தருகிறார். பின்னவர் அதற்கு ஈடாகப் பொருளைத் தருகிறார். இவ்வாறு இரு தட்டுகளும் சமனாகின்றன என்பது வழக்கறிஞர்க்கும் வழக்காடுவோர்க்கும் ஏறத்தாழ ஐயத்திற்கு இடமற்ற ஒன்றாகிவிட்டது. இயல்பான வழக்குகளுக்கு இவ்வெண்ணம் பொருந்தவும் செய்கிறது. ஆயினும் இதற்குள் அடங்காத நிலை ஒன்று உண்டு. குழந்தையைத் தம்மிடம் வைத்து வளர்ப்பவரே, குழந்தையைப் பிரிந்து வாழும் மற்றவர்க்கு மாதந்தோறும் பணம் தர வேண்டியவராகவும் இருக்கும் நிலை அது. சோறிடுபவரும் அவரே, பள்ளிக் கட்டணம் செலுத்துபவரும் அவரே, குழந்தை காய்ச்சலில் கிடக்கும் இரவில் விழித்திருப்பவரும் அவரே. அதற்கு மேலும் அவரிடம் பணம் கேட்பது அறமாகுமா? இவ்வினாவை இந்தியச் சட்டச் சூழலில் வைத்து, கடமை என்பதன் இயல்பை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே இரண்டு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். தாயிடம் இருந்த குழந்தை பின்னர்த் தந்தையிடம் வந்து சேர்கிறது; ஆனால் குழந்தையின் பொருட்டுத் தந்தை தாய்க்குத் தர வேண்டும் என்னும் பழைய ஆணை மாற்றப்படாமல் நிற்கிறது. இது முதல் நிலை. நடப்பு மாறிவிட்டது, ஆணை மாறவில்லை, அவ்வளவே. சூழ்நிலை மாற்றத்தைக் காட்டி ஆணையைத் திருத்திக்கொள்ளக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவு வழிசெய்தது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 146ஆம் பிரிவாக நிற்கிறது. நீதிமன்றத்தை நாடாமல் தாமாகவே பணத்தை நிறுத்திக்கொள்பவர் நிலுவைக்கும், நிலுவையின் பொருட்டுச் சிறைக்கும் ஆளாக நேரலாம் என்பதைத் தவிர இதில் ஆராயத்தக்க அறச்சிக்கல் ஏதும் இல்லை. இரண்டாம் நிலையே இங்குப் பொருளாவது. குழந்தை தொடக்கத்திலிருந்தே வசதியுடைய ஒருவரிடம் வளர்கிறது. மற்றவர் ஏழை. குழந்தை குறிப்பிட்ட நாள்களில் அவரிடம் சென்று தங்குகிறது. அந்நாள்களுக்குரிய செலவு யாருடையது?

கடன் என்னும் சொல்

தமிழில் 'கடன்' என்னும் சொல் கடமையையும் குறிக்கும். திருப்பித் தர வேண்டிய பொருளையும் குறிக்கும். 'செய்கடன்', 'நீத்தார் கடன்' என்பவை முதற்பொருளில் வந்தவை. வட்டிக்கு வாங்குவது இரண்டாம் பொருளில் வந்தது. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் கூடியிருப்பது தற்செயல் எனத் தள்ளத்தக்கதன்று. எந்தக் கடனுக்கும் அதைப் பெறுவதற்குரியவர் ஒருவர் உண்டு. ஆகவே ஒரு கடமையைப் பற்றிப் பேசும்போது 'யார் செய்ய வேண்டும்' என்று கேட்பதோடு 'யாருக்குச் செய்ய வேண்டும்' என்றும் கேட்டாக வேண்டும். மணமுறிவு வழக்குகளில் முதல் வினா உரத்து ஒலிக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் கேட்கப்படுவதேயில்லை.

பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாடல் இங்கு நினைவுக்கு வருவது இயல்பே. பெற்று வளர்ப்பதைத் தாய்க்கும், சான்றோனாக்குவதைத் தந்தைக்கும், வேல் வடித்துத் தருவதைக் கொல்லனுக்கும், நன்னெறியை வேந்தனுக்கும் கடனாக அப்பாடல் பகுக்கிறது. அப்பகுப்பைப் பாராட்டியவர் பலர். அக்கடன்கள் அனைத்தும் நோக்கும் திசையைக் கருதியவர் குறைவு. தாய் தந்தைக்குப் பட்ட கடனோ, தந்தை தாய்க்குப் பட்ட கடனோ அங்கு இல்லை. எல்லாக் கடன்களும் மகனை நோக்கியே நிற்கின்றன. மகனுக்கென ஒரு கடன் சொல்லப்படும்போதும் அது பெற்றோரை நோக்கித் திரும்பாமல் போர்க்களத்தை நோக்கிச் செல்கிறது. வளர்த்தலும் சான்றோனாக்கலும் வேறு வேறு கைகளில் வைக்கப்பட்டிருப்பதும் கவனத்திற்குரியது. வளர்ப்பவர் ஒருவரே முழுக் கடனையும் கழித்துவிடுவதாகப் பாடல் கருதவில்லை. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அது மறக்குடிச் சமூகத்தின் பாடல். மகள் அதில் இடம்பெறவில்லை. அதிலிருந்து இன்றைய குடும்பச் சட்டத்தை வருவிக்க முனைவது, சங்கப் பாடல்களில் எல்லாவற்றையும் கண்டுவிடும் பழைய நோய்க்கே இட்டுச்செல்லும். கடன் குழந்தைக்குரியது என்னும் கருத்தமைதி தமிழ் மரபுக்குப் புதிதன்று என்பதற்கு மட்டுமே அதைச் சான்றாகக் கொள்ளலாம்.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் வரும் சகுந்தலை கதை இன்னும் நெருக்கமானது. காளிதாசனின் நாடகத்தில் புகழ்பெற்ற மோதிரமும் சாபமும் இதிகாசக் கதையில் இல்லை. மகனை அழைத்துக்கொண்டு அவையில் வந்து நிற்கும் பெண். அவனைத் தன் மகனென ஏற்க மறுக்கும் அரசன். அவ்வளவில் வழக்கு நேரடியானது. அப்போது எழும் வானொலி, மகனைத் தாங்குமாறும் சகுந்தலையை இகழாதிருக்குமாறும் துஷ்யந்தனுக்குக் கூறுகிறது. தாங்குதல் என்னும் பொருளுடைய வடமொழி வினையிலிருந்தே பரதன் என்னும் பெயர் அமைந்ததாக இதிகாசம் விளக்குகிறது. குழந்தையைத் தாங்குவதும் அதன் தாயை இகழாதிருப்பதும் ஒரே ஆணையில் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பது நுணுகி நோக்கத்தக்கது. மகனைத் தாங்கிவிட்டதனால் இரண்டாம் கட்டளையிலிருந்து அரசன் விடுபடவில்லை.

மேலைத் தத்துவத்தில் இக்கருத்தை வேறு வழியில் அடைந்தவர் கான்ட். ஓர் உயிரை அதன் இசைவு இன்றியே உலகிற்குக் கொண்டுவந்த செயலால் பெற்றோர் அக்குழந்தைக்குக் கட்டுப்பட்டவராகின்றனர் என 1797இல் வெளிவந்த தம் ஒழுக்க மெய்யியல் நூலில் அவர் வாதிட்டார். அவ்வாறாயின் பெற்றோர் இருவரும் சேர்ந்து பட்ட கடன் அது. இருவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் அன்று. மணம் முறிந்தாலும் அது முறிவதில்லை. குழந்தை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்கு அது உடன் செல்கிறது.

சட்டம் நிற்கும் இடம்

இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956இன் 20ஆம் பிரிவு, குழந்தைகளைப் பேணும் கடப்பாட்டை ஆண், பெண் இருவர்மீதும் வைக்கிறது. இதனை அடிப்படையாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு ஒரு வழக்கில், தாயும் தந்தையும் வருவாய் ஈட்டுவோராக இருக்கும்போது குழந்தைகளின் செலவை இருவரும் தத்தம் வருவாய்க்கேற்பப் பகிர வேண்டும் என்று கூறி, தந்தைக்கு இரு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்னும் விகிதத்தை வகுத்தது. குழந்தைகள் தாயிடம் வளர்ந்த வழக்கு அது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வழங்கப்பட்ட விரிவான நெறிமுறைகள், குழந்தையின் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகியவற்றைச் செலவினங்களாக எடுத்துரைத்தன. கல்விச் செலவை இயல்பாகத் தந்தையே ஏற்க வேண்டும் என்றும், மனைவி போதிய வருவாய் உடையவராயின் வீதப்படி பகிரலாம் என்றும் கூறின. இருதரப்பும் தத்தம் சொத்தையும் வருவாயையும் உறுதியாவணத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்பதும் அதில் விதிக்கப்பட்டது.

இத்தீர்ப்புகள் குழந்தை வளரும் ஒரு வீட்டின் செலவையே கருதுகின்றன. ஆனால் அவற்றின் அடிப்படை விதியை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டு வீடுகளுக்கும் பொருத்திப் பார்த்தால் எதிர்பாராத முடிவு ஒன்று கிடைக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்ளலாம். தந்தை நாக்பூரில் மாதம் 1,20,000 ரூபாய் ஊதியம் பெறுபவர். தாய் பிலாயில் ஒரு துணிக்கடையில் 15,000 ரூபாய்க்கு வேலை பார்ப்பவர். பத்து வயது மகள் தந்தையிடம் வளர்கிறாள். மாதத்தில் இரண்டு வார இறுதிகளும் கோடை விடுமுறையில் ஒரு மாதமும் தாயிடம் தங்குகிறாள். ஆண்டில் ஏறத்தாழ 75 நாள்கள், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மகளுக்காகத் தந்தை வீட்டில் ஆகும் செலவு மாதம் 22,000 எனவும், தாய்க்கு ஆகும் செலவு மாதச் சராசரியில் 5,000 எனவும் கொள்ளலாம். அழைத்து வரவும் திரும்பக் கொண்டுவிடவும் ஆகும் ரயில் கட்டணம், உணவு, மகள் வந்தால் தங்குவதற்கென்றே ஒற்றை அறையை விட்டுச் சற்றுப் பெரிய வீட்டுக்கு மாறியதால் கூடிய வாடகை ஆகியன இதில் அடங்கும். இரு வீட்டிலும் சேர்த்து மகளுக்கான செலவு 27,000. வருவாய் விகிதம் எட்டுக்கு ஒன்று. அதன்படி தந்தையின் பங்கு 24,000. தாயின் பங்கு 3,000. தாய் செலவிடுவதோ 5,000. மீதி 2,000 ரூபாய் தந்தையிடமிருந்து தாய்க்கு வர வேண்டியதாகிறது.

இதில் புதிய கொள்கை ஏதும் புகுத்தப்படவில்லை. 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விதியே தந்தையைப் பணம் கொடுப்பவராக்குகிறது. அவர் வளர்ப்பவர் என்பது கணக்கில் மறைக்கப்படவும் இல்லை; 22,000 ரூபாய் அவர் பெயரிலேயே வரவு வைக்கப்பட்டுள்ளது. அவருடைய உழைப்புக்கும் விழிப்புக்கும் இக்கணக்கில் இடமில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், அவற்றைப் பணத்தால் அளப்பது அரிது. ஆனால் அவற்றுக்கு விலையாகத் தாய் தன் வருவாயில் மூன்றில் ஒரு பங்கைச் சந்திப்புக்கெனச் செலவிட வேண்டும் என்பது எந்த நீதியிலும் பெறப்படாது. வளர்க்கும் வாய்ப்பு சுமை மட்டுமன்று, பேறும் ஆகும் என்பதைக் குழந்தைக்காக நீதிமன்றப் படியேறும் பெற்றோரின் எண்ணிக்கையே காட்டும்.

2004இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றத்தின் முன் இதே வினா வந்தது. குழந்தைகள் பெரும்பகுதி நாள்கள் தந்தையிடம் வாழ்ந்தனர். தந்தையின் வருவாய் தாயினதைக் காட்டிலும் மிகுதி. இருவர் வருவாயும் பெரிதும் வேறுபடும்போது, வளர்ப்புப் பொறுப்புடையவரே மற்றவர்க்குக் குழந்தை ஆதரவுத் தொகை தர வேண்டுமா என்பதை விசாரணை நீதிமன்றம் கருதிப் பார்க்காமல் விடுவது தவறு என அம்மன்றம் கூறியது. இரு வீடுகளும் ஒத்த வசதியுடையனவாக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. தகுந்த உறைவிடமும் தகுந்த வசதியும் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

மறுப்புகள்

இக்கருத்துக்கு எழும் மறுப்புகளுள் சிலவற்றுக்கு விடை எளிது. பெறுபவர் பணத்தைத் தமக்கே செலவிட்டுக்கொள்வார் என்பது அவற்றுள் ஒன்று. இதே ஐயம் குழந்தையை வளர்க்கும் தாயின்மீதும் காலங்காலமாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. அதைக் காரணமாகக் காட்டி நீதிமன்றங்கள் ஜீவனாம்சத்தை மறுத்ததில்லை. வாடகை உயர்வில் தாய்க்கும் பயன் உண்டு என்பதால் அது மகளின் செலவு ஆகாமற்போவதும் இல்லை.

வலுவான மறுப்பு வேறொன்று. வறிய பெற்றோரின் வீட்டுக்குச் செல்லும் குழந்தை அங்குள்ள கூழைக் குடித்துப் பழக வேண்டும். பாயில் படுக்க வேண்டும். தாயின் வறுமை தாயின் மெய்நிலை. அதைப் பிறர் பணத்தால் மறைப்பது குழந்தையை ஏமாற்றுவதும் அன்பை விலைக்கு வாங்குவதும் ஆகும் என்பது அது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. இரு வீட்டு வசதிகளையும் போட்டிக்கு நிறுத்தி, பொம்மையாலும் கைப்பேசியாலும் குழந்தையின் மனத்தை ஈர்க்க முயலும் பெற்றோர் இருக்கவே செய்கின்றனர். வறுமையை இழிவாகக் கருதாத குழந்தையை வளர்ப்பது எந்த வீட்டிற்கும் பெருமை. ஆயினும் இம்மறுப்பு, போதுமையையும் சமன்மையையும் ஒன்றாகக் கொள்கிறது. தாயின் வீட்டில் குளிரூட்டி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வந்து சேர ரயில் கட்டணமும், தூங்க ஓர் இடமும், காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் செல்லக் கையில் பணமும் வேண்டும் என்பதே கோரிக்கை. இவை இல்லாதபோது நிகழ்வது வறுமையைக் குழந்தை கற்றுக்கொள்வதன்று, சந்திப்பே நின்றுபோவது. முதலில் ஒரு மாதம் தவறும். அடுத்துத் தேர்வு வரும். பின்னர் அங்கே போய் என்ன செய்வது என்று குழந்தையே கேட்கும். ஆணைத்தாளில் சந்திப்புரிமை அப்படியே இருக்கும்.

சந்திப்பு என்பது பெற்றோர்க்குக் காட்டும் சலுகையன்று என்பது இன்று ஏற்கப்பட்ட கருத்து. இந்தியா 1992 டிசம்பரில் இணைந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பு, பெற்றோரைப் பிரிந்து வாழும் குழந்தை, தன் நலனுக்கு மாறாக இல்லாதவரை, இருவரோடும் நேரடித் தொடர்பு கொண்டிருப்பதைக் குழந்தையின் உரிமையாகவே கூறுகிறது. இந்தியச் சட்ட ஆணையம் 2015இல் அளித்த 257ஆம் அறிக்கையும் கூட்டு வளர்ப்புப் பொறுப்பை வலியுறுத்தியது. உரிமையை வழங்கிவிட்டு அதற்கான ரயில் கட்டணத்தை ஏழைப் பெற்றோரின் தலையில் கட்டுவது, சந்திக்கும் உரிமையை வசதியுடையவருக்கு மட்டும் உரியதாக்கிவிடுகிறது.

இக்கொள்கையை உண்மையில் சோதிப்பது பாத்திரங்களை மாற்றிப் பார்ப்பதுதான். மகள் தாயிடம் வளர்கிறாள். தாய் வங்கி அதிகாரி. தந்தை ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்து கிடைத்த கூலிக்குச் செல்பவர். இப்போது தாய் தந்தைக்குப் பணம் தர வேண்டும் என்றால் முன்னர் ஒப்புக்கொண்டவர்களில் பலர் தயங்குவர். பெற்ற பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு போட வக்கற்றவன் என்று தந்தையை ஏசுவர். இந்த ஏச்சுக்குள் ஆணே பொருளீட்ட வேண்டும் என்னும் பழைய எதிர்பார்ப்பு ஒளிந்துள்ளது. தாய்க்கு நீதியென்று சொன்னதைத் தந்தைக்கு மறுக்க அறவியலில் இடமில்லை. உழைக்கக்கூடியவர் வேண்டுமென்றே உழையாதிருந்தால் அவர் ஈட்டக்கூடிய வருவாயைக் கணக்கில் கொள்ளும் வழக்கம் இந்திய நீதிமன்றங்களில் வேரூன்றியதே. அதை இங்கும் கைக்கொண்டால் சோம்பலுக்குப் பரிசளிக்கும் அச்சம் நீங்கும். குழந்தையைத் துன்புறுத்தியவர்க்கோ, சந்திக்க வராதவர்க்கோ இத்தொகை உரியதன்று என்பது சொல்லாமலே விளங்கும். சந்திப்பே இத்தொகைக்குக் காரணம்.

மனைவிக்கா, தாய்க்கா?

இந்திய நடைமுறையில் குழந்தையை வளர்க்கும் தந்தை, பிரிந்த மனைவிக்குப் பணம் தருவது புதிதன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும், இன்று அதன் இடத்தில் உள்ள 144ஆம் பிரிவும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத மனைவிக்கு அவ்வுரிமையை வழங்கியுள்ளன. அப்பணத்திலிருந்தே அவர் மகளின் வருகைக்கும் செலவிடுகிறார். ஆகவே தனியாக ஒரு தொகை எதற்கு என்று கேட்கலாம். விடை மறுமணத்தில் இருக்கிறது. அப்பிரிவில் 'மனைவி' என்பது மணமுறிவு பெற்று மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணையும் உள்ளடக்கும். மறுமணம் செய்துகொண்டவர் அதிலிருந்து விலக்கப்படுகிறார். இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் மறுமணத்தின்போது தொகையை மாற்றவோ நீக்கவோ இடமளிக்கிறது. மனைவிக்குரிய பங்கு மறுமணத்தோடு முடிவது நியாயமே. ஆனால் மறுமணத்திற்கு அடுத்த வார இறுதியிலும் மகள் பிலாய்க்கு ரயிலேறுகிறாள். அவளுடைய கட்டணத்தை இனிப் புதிய கணவர் ஏற்க வேண்டும்; அல்லது பயணம் நிற்க வேண்டும். இதுவரை தாய்க்கு வந்தது மனைவி என்னும் பெயரில் வந்த பணம். தாய் என்னும் பெயரில் அவருக்கு எதுவும் தரப்படவில்லை என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது.

வறிய தந்தையின் நிலை இன்னும் சீரற்றது. இந்து திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகள் கணவன், மனைவி இருவருக்கும் உரியவை. சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன் 36, 37ஆம் பிரிவுகளோ மனைவிக்கு மட்டுமே உரியவை. ஒரே ஊரில், ஒரே வருவாயுள்ள இரு தந்தையருள் ஒருவர்க்குக் கேட்கும் வாய்ப்பு உண்டு, மற்றவர்க்கு இல்லை. எந்தச் சட்டத்தின்கீழ் மணம் பதிவாயிற்று என்பது குழந்தையின் வார இறுதியைத் தீர்மானிக்கிறது.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 38ஆம் பிரிவும் இளங்குழந்தைகளின் வளர்ப்புப் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியன குறித்து நீதிமன்றம் தனக்கு நேர்மையெனத் தோன்றும் ஆணையை வழங்கலாம் என்கின்றன. பணம் எந்தப் பெற்றோரின் கையில் சேர வேண்டும் என்று அவை வரையறுக்கவில்லை. குழந்தையை வளர்ப்பவரே கொடுக்க வேண்டும் என ஆணையிட அப்பிரிவுகளின் சொல்லமைப்பில் தடை இல்லை. அவ்வாறான ஆணையில் சந்திப்பு நாள்களின் எண்ணிக்கை, பயணச் செலவு, தங்குமிடத்திற்கான கூடுதல் வாடகை ஆகியவற்றைத் தனித்தனியே குறித்து, தொகை குழந்தையின் பராமரிப்புக்குரியது என்றும் மனைவியின் ஜீவனாம்சத்தில் அடங்காது என்றும் எழுதிவிடலாம். சந்திப்பு நாள்கள் கூடினால் தொகை கூடும், குறைந்தால் குறையும், பெறுபவர் மறுமணம் செய்துகொண்டாலும் அது தொடரும்.